பிழையாகக் காட்டிய கை

என் கை விட்ட பிழையை இன்னொருவரின் தலையில் போட்டேன். அதனால் அவருக்குக் கிடைக்கவிருந்த வேலை போயிற்று. அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து நேருக்கு நேர் கேட்டபோது, பிழை உமது கண்ணில்தான் என்று சொன்னேன். அவர் நம்பினார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னுக்குத் தள்ளினால் அதற்கு நான் மெத்தை விரிக்கத் தொடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நான் இசைக்குழு நடத்தியவன். முப்பது பேருக்கு முன்னால் நின்று ஒரு சிறு கோலை அசைப்பவன். வயலின்காரரின் வில் வழுக்கினால் சபைக்குக் கேட்கும். குழல் ஊதுபவரின் மூச்சு தட்டினால் கேட்கும். கோல் தவறினால் யாருக்கும் எதுவும் கேட்காது. மேடையில் சத்தமே போடாத ஒரே ஆள் நான். கைதட்டும்போது திரும்பிக் குனிந்து அதை வாங்கிக்கொள்பவனும் நான். சபைக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும். கை என்ன செய்தது என்பது வாசிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களோ என்னை ‘சேர்’ என்று கூப்பிடுகிறவர்கள். ஒரு கோழைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை.

கொழும்பில் ஒரு பெரிய குழுவில் இரண்டாம் வயலின் வரிசையில் பல வருடங்கள் இருந்தேன். பகலில் பாடசாலையில் படிப்பித்தேன். துணை நடத்துனர் என்று ஒரு பெயரும் தந்திருந்தார்கள். அதன் பொருள், தலைமை நடத்துனர் வராத ஒத்திகைகளில் கோலைப் பிடிக்கலாம், கச்சேரி அன்று மறுபடியும் என் கதிரையில் போய் உட்கார வேண்டும் என்பதுதான். ஒரு தடவையாவது முழுக் கச்சேரியை எனக்குத் தருவார்கள் என்று தலை நரைக்கும்வரை காத்திருந்தேன். தரவில்லை. ஓய்வு பெற்று ஆலங்குடாவில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது, அந்தக் கோபத்தையும் கூடவே ஏற்றி வந்தேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்தவள். யுத்தத்தில் புத்தளத்துக்கு வந்த குடும்பம். வயலினில் என்னைவிடக் கெட்டிக்காரி. நாங்கள் இருவரும் சேர்ந்து கோயில் மண்டபத்தில் குழுவைத் தொடங்கினோம். மாதா கோயில் பாடகர்கள், பாடசாலை பாண்டில் இருந்தவர்கள், திருநாளுக்கும் மரண வீட்டுக்கும் பாண்ட் வாசிக்கிறவர்கள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். கடல் காற்று இசைத் தாள்களைத் தூக்கிக்கொண்டு போகும். உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் கடித்துக்கொண்டுதான் எல்லோரும் ஒத்திகைக்கு வருவார்கள். மீன்கடைக்குப் போனால் என்னைக் கண்டு, “கொண்டக்டர் ஐயா வாறார், டிக்கட்டை எடுத்து வையுங்கடா” என்பார்கள். அந்தப் பகிடிக்கு ஒருநாளும் நான் சிரித்ததில்லை. இப்போது நினைத்தால், அந்த ஊரில் எனக்குத் தகுந்த மரியாதை கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

குழுவில் எனக்கு ஒரு பெரிய தலையிடி இருந்தது. மரண வீட்டுப் பாண்டில் வாசித்துப் பழகியவர்கள் யாருடைய கோலையும் பார்க்க மாட்டார்கள். பெட்டியைத் தூக்கிப் போகிறவர்களின் காலைப் பார்ப்பார்கள். கால் மெதுவானால் வாசிப்பும் மெதுவாகும். கால் இல்லாத இடத்தில் ஒருவர் மற்றவரின் சத்தத்தைக் கேட்டு ஒட்டிக்கொள்வார்கள். என்னைப் பார்ப்பதே இல்லை. நான் அதில் எரிந்துபோவேன். கொழும்பில் இத்தனை வருடம் பின்வரிசையில் இருந்துவிட்டு, இங்கே வந்தும் என்னை ஒருவரும் பார்க்காவிட்டால் நான் எதற்கு?

அதை உடைக்க ஒரு பயிற்சி வைத்தேன். ஒத்திகையின் நடுவில் வேண்டுமென்றே கோலைப் பிழையாக அசைப்பேன். ஓய்வு வரவேண்டிய இடத்தில் ஒருவருக்குத் தொடங்கச் சொல்லிக் கை காட்டுவேன். கோலைப் பார்த்துப் பிழையாக வாசித்தவர் தேறினார். காதை நம்பிச் சரியாக வாசித்தவருக்கு ஏச்சு. “நான் பிழை விட்டால் நீங்களும் பிழை விட வேண்டும். சரி பிழை பார்க்கிறது உங்கட வேலை இல்லை” என்று கத்தினேன். இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் பயிற்சியில் எப்போதும் தேறியவர் ஒரே ஒருவர். ட்ரம்பெட் வாசித்தவர். கரைத்தீவுப் பக்கம், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றின் மகன். இங்கே வந்த பிறகு ஓலைக் கொட்டிலில் பிறந்தவர். பாடசாலை பாண்டில் ஊதப் பழகி, ஐஸ் லொறி ஓட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வருவார். வந்த முதல் நாளிலிருந்து கண்ணை என் கோலிலிருந்து எடுத்ததில்லை. மற்றவர்களைக் குத்திக்காட்டுவதற்கு அவரைத்தான் பாவித்தேன்.

“இவரைப் பாருங்கள். நான் கடலுக்குள் குதி என்றாலும் குதிப்பார்.”

“நீச்சல் தெரியும்தானே சேர், பயமில்ல” என்று அவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

அவருடைய வாப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. களப்பில் மீன் பிடிக்கிற மனிதர். குழல் ஊதி எந்த வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது அவருடைய கேள்வி. மதுரங்குளிப் பக்கம் ஒரு பாடசாலையில் பாண்ட் பயிற்றுநர் இடம் காலியாக இருந்தது. அது கிடைத்தால் ஊதலாம், கிடைக்காவிட்டால் ஊதுவதை விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் ஒரு தவணை சொல்லியிருந்தார். பாடசாலை அதிபர் எங்கள் கச்சேரிக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

கச்சேரி புத்தளத்தில், ஒரு மண்டபத்தில். கடைசி உருப்படி நானே எழுதியது. அதில் இரண்டு மௌனங்கள் உண்டு. முழுக் குழுவும் முழங்கி வந்து சட்டென்று நிற்கும். அது முதல் மௌனம். அதன்பின் வயலின்கள் மெல்ல எழும். மறுபடியும் எல்லாம் அடங்கும்; அது இரண்டாவது மௌனம். அதன்பின் ட்ரம்பெட் தனியாக வெடித்து எழ வேண்டும்.

முதல் மௌனத்தில் படம் பிடிக்கிறவர் மேடை ஓரமாக ஏறி வந்தார். என் முகம் படத்தில் வரப்போகிறது என்று கண்டேன். கொஞ்சம் திரும்பினேன். தாடையை உயர்த்தினேன். அந்த நினைப்பில் எந்த மௌனத்தில் நிற்கிறேன் என்பதை மறந்தேன். ட்ரம்பெட் இருந்த பக்கம் இடக்கையை நீட்டி, கோலை இறக்கினேன்.

என் மனைவியும் மற்ற வயலின்காரரும் என்னைப் பார்க்கவில்லை. பழகியபடி மெல்லத் தொடங்கினார்கள். பார்த்தவர் ஒருவர்தான். அவர் ஊதினார். நெஞ்சு நிறைய மூச்செடுத்து, மண்டபம் அதிர, தன்னந்தனியாக. அந்த மெல்லிய வயலினுக்கு மேலே அது மாடு கதறியதுபோல் விழுந்தது. பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். சபை சிரித்தது. நான் என்ன செய்தேன்? அவரை முறைத்தேன். எல்லோருக்கும் தெரியும்படி, தலையைத் திருப்பி, கோலை அவர் பக்கம் நீட்டி முறைத்தேன். இரண்டாவது மௌனம் வந்து நான் சரியாகக் கை காட்டியபோது அவர் ஊதவே இல்லை.

முடிந்ததும் மைக்கைக் கேட்டு வாங்கினேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. “எங்கள் ட்ரம்பெட் வாசிப்பவருக்கு இன்று கொஞ்சம் பதற்றம். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். இன்னொரு சிரிப்பு.

அதிபர் வெளியில் என்னிடம் வந்தார். நல்ல மனிதர். அவசரப்பட்டு ஒருவரைத் தள்ள விரும்பாதவர்.

“சேர், நீங்க சொல்லுங்க. ஒரு நாள் பிழையா, இல்ல ஆளே இப்புடியா?”

வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன்.

“கெட்டிக்காரன்தான். ஆனால் பொறுப்பு வரக் கொஞ்சக் காலம் எடுக்கும்.”

மேடையில் நடந்தது கைத்தவறு. இதுதான் குற்றம்.

குழுவை ஏற்றிவந்த வான் வண்டியில் திரும்பும்போது என் மனைவி யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். வீட்டு வாசலில் இறங்கிய பிறகு சொன்னாள்.

“கை காட்டினது நீங்கள். நான் கண்டனான்.”

“நீர் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு எப்படிக் கண்டீர்?”

“அவன் ஊதின உடனை நிமிர்ந்து பார்த்தனான். உங்கட கை அந்தப் பொடியன்ரை பக்கம்தான் நீண்டு கிடந்தது. நாளைக்கே அதிபரிட்டைச் சொல்லுங்கோ.”

“வாயை மூடு” என்றேன். இத்தனை வருடத் திருமணத்தில் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் வாயை மூடினாள். ஆனால் வயலின் பெட்டியையும் மூடினாள். “இனி உங்கட கைக்கு நான் வாசிக்க மாட்டன்” என்று அடுத்த ஒத்திகைக்கு வராமல் விட்டாள். ஊருக்கு அவளுக்குத் தோள்வலி என்று சொல்லிக்கொண்டேன்.

கச்சேரிக்கு மறுநாள் காலை ட்ரம்பெட் வாசித்தவர் வந்தார். குழுவுக்குச் சொந்தமான ட்ரம்பெட்டைத் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். உள்ளே வரவில்லை.

“சேர், ஒண்டு மட்டும் கேக்கிறேன். முதல் நிப்பாட்டில நீங்க எனக்குக் கை காட்டினீங்கதானே?”

“இல்லைத் தம்பி.”

“இடக்கை சேர். இப்புடி.”

“நான் வயலின் பக்கம்தான் காட்டினேன். பதற்றத்தில் உமக்கு அப்படித் தெரிந்திருக்கும்.”

அவர் என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் ஒருவேளை அங்கேயே உடைந்திருப்பேன்.

“அப்ப என்ட கண்தான் பிழையா சேர்?”

“அப்படித்தான் இருக்க வேண்டும்.”

“சரி சேர். நீங்க சொன்னா சரிதான்.”

ட்ரம்பெட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். தன் கண்ணைவிட என் கையை நம்ப வேண்டும் என்று அவரைப் பழக்கியவன் நானல்லவா? பாடம் நன்றாகத்தான் ஏறியிருந்தது.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. கரைத்தீவில் அவருடைய வாப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “என்ட மகன் ஒரு ஊத்து ஊதினான், வேல பறந்திட்டு” என்று சொன்னாராம். சொன்னது வேடிக்கைக்கல்ல, வயிற்றெரிச்சலுக்கு. வீட்டில் பேச்சு முற்றி, கடைசியில் பேச்சே நின்று, மகன் கட்டாருக்கு லொறி ஓட்டப் போய்விட்டார். வாப்பா வழியனுப்பக்கூட வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் அந்த ட்ரம்பெட்டை இன்னொருவருக்குக் கொடுத்தேன். கச்சேரிகள் நடத்தினேன். நன்றாகத் தூங்கினேன் என்றும் எழுத வேண்டும். குற்றவுணர்வு வருடக்கணக்காக அரித்தது என்று எழுத ஆசைதான், அது பொய். அரித்தது என் மனைவியின் மௌனம் மட்டும். அதற்கும் பழகிவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு ஒத்திகையில், புதிதாக வந்த ஒரு பெண், தாதியாக வேலை செய்பவர், கிளாரினெட் வாசிப்பவர், என் பயிற்சியை முதல் தடவையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சேர், விளையாட்டுக்கு இல்லாம நீங்க உண்மையாவே பிழை விட்டா நாங்க என்ன செய்யிறது?”

ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. தாள்களைப் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருநாளும் சேர்ந்து தொடங்காதவர்கள் அன்று சேர்ந்து குனிந்தார்கள். அப்போதுதான் விளங்கியது: எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே தெரியும். என் மனைவி மட்டுமல்ல, ட்ரம்பெட் வாசித்தவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், அவர் ஊதியதும் நிமிர்ந்து, நீட்டியபடி நின்ற என் இடக்கையைக் கண்டிருக்கிறார்கள். கண்டுவிட்டு, அவர் சிரிப்புக்கிடமாகி மேடையை விட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ‘குட் ஈவினிங் சேர்’ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறைக்க மாட்டேன். ஒருவராவது வாய் திறந்திருக்கலாம். ஆனால் வாய் திறக்கக் கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார்?

பரிகாரம் செய்ய முடிவெடுத்தேன். அதையும் எனக்குத் தெரிந்த விதத்தில்தான் செய்தேன்.

அதே மண்டபத்தை எடுத்தேன். அதே உருப்படியை வைத்தேன். முதல் மௌனம் வந்ததும் குழுவை அப்படியே நிறுத்திவிட்டு, சபையைப் பார்த்துத் திரும்பினேன். அன்று இந்த இடத்தில் பிழையாகக் கை காட்டியது நான், பழியை ட்ரம்பெட் வாசித்தவர்மேல் போட்டதும் நான் என்று சொன்னேன். குரல் தழுதழுத்தது. தழுதழுக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வீட்டில் கண்ணாடியின் முன் சொல்லிப் பார்த்திருந்தேன்.

சபை எழுந்து நின்று கைதட்டியது. என் வாழ்நாளில் யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. பிரதம விருந்தினர் மேடைக்கு ஏறி வந்து பொன்னாடை போர்த்தினார். “இப்படி ஒரு பெருந்தன்மையை இந்தக் காலத்தில் காண முடியுமா?” என்று கேட்டார். பெருந்தன்மை! ஒருவரின் சோற்றில் மண் போட்டவனுக்குப் பொன்னாடை. பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. தோளில் போட்டபடி குனிந்து வணங்கினேன். உடம்புக்கு வேறெதுவும் தெரியவில்லை.

“நல்லாத்தான் வாசிச்சனீங்கள்” என்றாள் என் மனைவி.

அதிபர் ஃபோனில் பாராட்டினார். அந்தப் பயிற்றுநர் இடத்தைப் பற்றிக் கேட்டேன். “வந்தவர் நிரந்தரமாயிட்டார் சேர். அவருக்கும் புள்ளகுட்டி இருக்கு. இப்ப போய் நான் என்ன செய்ற?” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை.

யாரோ அந்தப் பேச்சைப் படம் பிடித்து முகநூலில் போட்டிருந்தார்கள். சில நாள் கழித்து மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. கட்டாரிலிருந்து. ஸலாமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

“மன்னிப்புக் கேக்கிறதுக்கும் கச்சேரி வெச்சீங்களா சேர்?”

“தம்பி, நான் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்ல—”

“பாத்தேன். பொன்னாட நல்லா இருந்திச்சு. எனக்குச் சிரிச்ச சனம் உங்களுக்கு எழும்பிக் கை தட்டுது. என்ட பேரு ரெண்டு தரமும் உங்களுக்குத்தான் உதவியிருக்கு.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

“எத்தின வருசம் என்ட கண்ண நம்பாம இருந்தேன் தெரியுமா? இங்க லொறி ஓட்டக்குள்ள சிக்னல் பச்சை எண்டாலும் ரெண்டு தரம் பாக்கிற ஆள் நான். பின்னுக்கு நிக்கிறவன் ஹோன் அடிச்சு ஏசுவான். நீங்க சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு.”

“நான் என்ன செய்ய வேண்டும், சொல்லும்.”

“புத்தளம் சனத்துக்கிட்ட நான் கேக்கல்ல. என்ட வாப்பாட்ட போய்ச் சொல்லுங்க. தனியப் போங்க. மைக் இல்லாம.”

அழைப்பு அறுந்தது. என் தட்டில் இருந்ததை முடிக்காமல் கை கழுவினேன். பொன்னாடை அலுமாரியில் இருந்தது. அதை எடுத்துப் போய் முற்றத்தில் எரித்தேன். அதுவும் ஒரு நாடகம் என்று எரிக்கும்போதே தெரிந்தது.

கரைத்தீவுக்குப் பஸ்ஸில் போனேன். வாப்பா முற்றத்தில் வலையில் சிக்கிய நண்டை முறித்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும் முகம் கறுத்தது. ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். இந்தத் தடவை குரல் தழுதழுக்கவில்லை. இரண்டு மௌனங்களைப் பற்றி விளக்க முயன்றேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அதெல்லாம் எனக்கு விளங்காது. எப்புடிக் காட்டினீங்க? காட்டுங்க பாப்பம்.”

கோல் இல்லாமல், கோழிகள் திரியும் அந்த முற்றத்தில், இடக்கையை நீட்டி, வலக்கையை இறக்கிக் காட்டினேன்.

“இவ்வளவுதானா?”

“ஓம்.”

“இன்னொருக்காக் காட்டுங்க.”

காட்டினேன். உள்ளேயிருந்து உம்மாவும் வந்து வாசலில் நின்றார். அவருக்கும் ஒரு தடவை காட்டும்படி வாப்பா சொன்னார். காட்டினேன்.

“இதுக்கா என்ட புள்ள கட்டார் போனான்?” என்றார் வாப்பா.

நான் கையை இறக்கினேன்.

“அப்ப அவன் உங்கட கையப் பாத்துத்தான் ஊதினான். சொன்னதக் கேட்டிருக்கான்.”

“ஓம். அவர் மட்டும்தான் கேட்டார்.”

“நான் அவன சொல்வழி கேக்காத நாயெண்டு ஏசினேன். இந்த முத்தத்தில வெச்சு. ஊர் பாக்க.” வலையைக் கீழே போட்டார். “உங்கட பிழைய நீங்க வந்து சொல்லிட்டீங்க. நான் ஏசின ஏச்ச எந்தக் கையால திருப்பி எடுக்கிற? சொல்லுங்க, படிச்ச மனுசன்தானே?”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன். வந்திருக்கலாம். உம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார்.

“குடிச்சிட்டுப் போங்க” என்றார் வாப்பா. “இனி இந்தப் பக்கம் வராதீங்க.”

குடித்தேன். போனேன்.

அதற்கடுத்த கிழமை குழுவிடம், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பயிற்சிக்காக மன்னிப்புக் கேட்டேன். கோலை அந்தத் தாதியிடம் கொடுத்தேன். அவருக்கு நடத்த வராது. அவர்களும் அவரைப் பார்ப்பதில்லை. ஒருவரையொருவர் கேட்டு எப்படியோ சேர்ந்து முடிக்கிறார்கள். மனைவி இன்னும் வயலினை எடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கட்டாரிலிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. “வாப்பா நேத்துக் கதைச்சார். ரெண்டு பேரும் நல்லா ஏசிக்கிட்டோம். பிறகு அழுதார். உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொல்லல்ல. நானும் சொல்லல்ல.”

போன பெருநாளுக்கு அவர் லீவில் வந்திருந்தார். பாலாவிச் சந்தியில் கண்டேன். வாப்பாவும் கூட இருந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பையோடு ஏதோ சொல்லி மகனைத் திட்டிக்கொண்டிருந்தார், மகன் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. தலையாட்டவில்லை. முகத்தைத் திருப்பி, வாப்பாவின் பையை வாங்கிக்கொண்டு, கற்பிட்டி பஸ்ஸில் ஏறினார். நானும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. அடுத்த பஸ் வரும்வரை நின்றேன்.